கம்பைலர் செய்யாத வேலை

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்கா, தரை துடைக்க வரும் பெண்ணுக்கும் அக்கா. உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா. பல வருஷங்களுக்கு முன்னால் அவளே சொல்லி, தன் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்தாள். வந்த முதல் நாள் அவன் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, என் சீட் எது?" என்று கேட்டான். மத்தியானத்துக்குள் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவனைவிட இளையவர்களைத் தவிர எல்லோருக்கும் அவன் தம்பியானான். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

லிஃப்டுகளுக்கு போர்டு செய்யும் சின்னக் கம்பெனி அது. எந்த மாடியில் நிற்பது, கதவை எப்போது திறப்பது, ஆள் அதிகமாக ஏறிவிட்டால் எப்படி நகர மறுப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற உள்ளங்கை அகலப் பலகை. கீழ்த்தளத்தில் டைல்ஸ் கடை, மேலே இவர்கள். பின்பக்கம் உயரமான ஒரு கொட்டகை. அதற்குள் நான்கு மாடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, சுவரில்லாத லிஃப்ட் கூண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அது பகல் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தலை வலிக்கும். பழகியவர்களுக்கு அது நின்றுபோனால்தான் என்னமோ ஏதோவென்று இருக்கும்.

போர்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்வதும் அக்காவின் வேலை. வருஷம் போகப் போக எழுதுவது குறைந்து, படிப்பது பெருகியது. எல்லாம் சி மொழியில் இருந்தது. சி ரொம்பச் சின்ன மொழி. கெட்டிக்காரர் ஒருவர் சில வாரங்களில் மொத்தத்தையும் கற்றுக்கொண்டுவிடலாம். சொன்னதைச் செய்யும், ஏன் எதற்கு என்று கேட்காது. பத்துப் பெட்டி வைக்க இடம் கேட்டுவிட்டுப் பதினோராவது பெட்டியை வைத்தால், அது யாருடைய இடம் என்று பார்க்காமல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் வரும் கெடுதல் வேறு எங்கேயோ, வேறு என்றைக்கோ தலைகாட்டும்.

அப்படித்தான் ஒரு கெடுதல் வந்தது. ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் அவ்வப்போது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் நல்ல பிள்ளையாக ஓடும். இவர்கள் போய்க் காத்திருந்தால் நிற்கவே நிற்காது. திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், வெளியே வந்ததும் அக்காவைப் பார்த்து, "எனக்கு மேலயும் போக வேணாம், கீழயும் போக வேணாம்மா, எங்கயாவது ஒரு இடத்துல இறக்கி விட்டாப் போதும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

காரணத்தைக் கண்டுபிடித்தது, அணியிலேயே இளையவளான ஒரு பெண். வாயைத் திறந்தால் கேள்விதான் கேட்பாள் என்பதால் தம்பி அவளுக்குக் கேள்வி என்றே பெயர் வைத்திருந்தான். கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்ற குறிப்பைப் புரோகிராமின் ஒரு பகுதி எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பகுதி படித்துவிட்டிருக்கிறது. பாதி பழசு, பாதி புதுசு. குழம்பிப்போன லிஃப்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பகுதியை எழுதியவன் தம்பி. படித்துச் சரி என்று சொன்னவள் அக்கா. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கேள்வி மட்டும், "ரஸ்ட்ல எழுதியிருந்தா இது கம்பைலே ஆகியிருக்காது அக்கா" என்றாள்.

நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிறமாதிரி மாற்றித் தருவது கம்பைலர். சியின் கம்பைலர் பெரும்பாலும் கண்டும் காணாமலும் இருக்கும். ரஸ்ட் என்ற புது மொழியின் கம்பைலர் அப்படியில்லை. ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர். ஒருவர் அதில் எழுதும்போது வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மீறினால் மாற்றித் தரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். ஆனால் அது கடல் மாதிரி மொழி. ஒரே காரியத்துக்கு நாலு வழி, ஒவ்வொரு வழிக்கும் நாலு சட்டம்.

போர்டில் இருந்த பழைய சிப்பின் உற்பத்தி நிற்கப்போகிறது என்று செய்தி வந்திருந்த நேரம் அது. புதிய சிப், புதிய போர்டு, எல்லாவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். எந்த மொழியில் என்ற பேச்சு முதலாளியின் காதுக்குப் போனது.

"ரஸ்ட்டுன்னா துருதானே?" என்றார் அவர். "துருவை வச்சு லிஃப்ட் பண்றேன்னு சொன்னா எவன் ஏறுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர், "நீங்களே முடிவு பண்ணுங்க அக்கா. நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று எழுந்துபோய்விட்டார். பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டு நழுவுவதில் அவர் மன்னன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்து பிடித்துக்கொள்ளும். திரையைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் பஸ் நம்பர் இரண்டு இரண்டாகத் தெரியும். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். வருஷத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல பவர் ஏத்தணும்னா டெலஸ்கோப்தான்" என்பார். காது மந்தமான அப்பாவும் அவளோடுதான் இருந்தார். ஞாயிறு காலையில் தம்பி வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவான். வேறு யார் கையிலும் அப்பா கன்னத்தைக் கொடுக்கமாட்டார்.

மொழி விஷயத்தில் ஆரம்பத்தில் அக்காவின் மனசு சி பக்கம்தான் இருந்தது. அதற்குத் தம்பி காரணமில்லை என்று அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். காரணங்கள் இருக்கவும் இருந்தன. சிப் கம்பெனி கொடுக்கும் துணைப் புரோகிராம் எல்லாம் சியில் இருந்தது. இருக்கிற ஐந்து பேரில் நாலு பேருக்கு ரஸ்ட் தெரியாது. லிஃப்டைச் சோதித்துச் சான்று தரும் அதிகாரி, தெரியாத எதைக் கண்டாலும் இரண்டு மடங்கு கேள்வி கேட்பார்.

கூட்டம் போட்டால் தம்பியும் கேள்வியும் எலியும் பூனையும்தான்.

"ஒரு ஸ்க்ரூ கழட்டணும்னா ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டுப் போவோமா, பட்டறையையே தூக்கிட்டுப் போவோமா?" என்பான் அவன்.

"கை நழுவினா ஆள் மாட்டிக்கிற இடம்ணா இது. கை நழுவாத மாதிரி ஒண்ணு இருந்தா ஏன் வேணாங்கிறீங்க?" என்பாள் அவள்.

பேசிப் பேசி ஓய்ந்த ஒரு நாள் அக்கா, "வாயால எழுதினது போதும். கதவையும் எடையையும் பாத்துக்கிற பகுதியை ஆளுக்கொரு மொழியில எழுதிக் கொண்டாங்க. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள்.

தம்பி சீக்கிரமே முடித்துவிட்டான். கொட்டகையில் ஓட்டிக் காட்டினான், கூண்டு ஒழுங்காக ஏறி இறங்கியது. கேள்வி அப்போதும் கம்பைலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிழையைத் திருத்தினால் மூன்று முளைக்கும். மத்தியானச் சாப்பாட்டை மூடியைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப்போன நாட்கள் உண்டு. கடைசியில் அவளுடையது கம்பைல் ஆனது. ஆன அன்றே கொட்டகையில் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது.

அக்கா முதலில் கேள்வி எழுதியதைப் படித்தாள். சுருக்கமாக இருந்தது, அதுதான் தொல்லையாகவும் இருந்தது. ஒரே ஒரு வரியில் பார்வை சிக்கிக்கொண்டு நகரவே இல்லை. அவளைக் கூப்பிட்டாள்.

"இந்த ஒரு வரிக்குள்ள எத்தனை விஷயத்தைத்தான் திணிச்சு வச்சிருக்கே? நாளைக்கு நீ வேலையை விட்டுப் போயிட்டா இதை யாரும்மா படிப்பா?"

கேள்விக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "அண்ணன் போயிட்டா அவர் எழுதினதை யார் வேணாலும் படிச்சிடலாம். ஒத்துக்கறேன். ஆனா அதுல அவர் என்ன எழுதாம விட்டிருக்கார்னு எப்படிக்கா படிப்பீங்க? இதை யார் தொடலாம், யார் தொடக்கூடாதுங்கறதெல்லாம் அவர் மண்டைக்குள்ளதானே இருக்கு?"

அக்கா தம்பி எழுதியதை எடுத்தாள். படிக்கச் சுகமாக இருந்தது. அவன் வரிகள் அவளுக்கு அவன் நடை மாதிரி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பாதி தாண்டியதும் ஓர் இடத்தில் மனசு தானாக நின்றது. திரும்பவும் படித்தாள். ஏறியிருக்கும் எடையை ஒரு பகுதி எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பகுதி படிக்க வழி இருந்தது. குடியிருப்பு லிஃப்டை நிறுத்திய அதே தப்பு, இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

மற்றவர்கள் முன்னால் வேண்டாம் என்று அவனைக் கொட்டகைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"ஆமா," என்றான் அவன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "எழுதி முடிக்கிற வரைக்கும் படிக்கவிடாம பூட்டுப் போட மறந்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

"போன தடவையும் இதேதான்டா."

"அதான் நீ பிடிச்சிட்டியே."

"போன தடவை பிடிக்கலியே."

"ஒரு தடவை விட்டுட்டே. அதுக்கு என்ன இப்போ?" அவன் சிரித்தான். "நீ இருக்கறப்ப நமக்கு எதுக்குக்கா இன்னொரு கம்பைலர்? சியில என்னவெல்லாம் இல்லையோ, அதெல்லாம் நீதானே."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் பிழையைத் திருத்தப் படியிறங்கிப் போய்விட்டான். அக்கா அங்கேயே உட்கார்ந்தாள். கூண்டு மணல் மூட்டைகளோடு அவள் முகத்துக்கு நேராக ஏறிப் போனது, இறங்கி வந்தது.

சின்ன மொழி, லேசான மொழி என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கு லேசாக இருந்தது என்று அவள் யோசித்தாள். எழுதுகிறவன் எழுதிவிட்டுப் போய்விடுகிறான். மொழி கேட்காத கேள்விகளையெல்லாம் அவள் கேட்டாக வேண்டியிருந்தது. குளிக்கும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் யாரோ எழுதிய வரிகள் மண்டைக்குள் ஓடும். வீட்டிலும் அதே கதைதான். தம்பியின் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி அவளுக்குத்தான் தெரியும். அவன் மகனுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்குத்தான் தெரியும். அவன் நிம்மதியாக மறப்பான்.

அன்று வீட்டில் கணவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்க, அவள் துடைத்து அடுக்கியபடி நடந்ததைச் சொன்னாள்.

"எதைச் சொன்னாலும் ஒருத்தர் மூஞ்சி தொங்கத்தான் போகுது" என்றார் அவர். "உனக்கு எது நிம்மதியோ அதைச் சொல்லிட்டு வா."

"என் நிம்மதிக்காக ஒரு கம்பெனி மொழியை மாத்துமாங்க?"

"இத்தனை நாள் உன் நிம்மதியைத் தின்னு ஓடின கம்பெனிதானே?"

மறுநாள் கூட்டத்தில் அக்கா நீட்டி முழக்கவில்லை. புது போர்டு ரஸ்ட்டில். சிப் கம்பெனி கொடுக்கும் சி புரோகிராமைத் தனியாக வேலி போட்டு ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், அதை அவளே பார்த்துக்கொள்வாள். ஆனால் மொழியில் இருக்கிற எல்லா வித்தையையும் காட்டக் கூடாது. எதையெதைப் பயன்படுத்தலாம் என்று ஐந்து பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "உன்னோட அந்த ஒரு வரியைப் பிரிச்சு நாலு வரியா எழுதணும்" என்று கேள்வியிடம் சொன்னாள். கேள்வியின் முகமும் தொங்கிவிட்டது. கணவர் ஒரு மூஞ்சிதான் என்று கணக்குச் சொல்லியிருந்தார்.

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அப்போ நான் எழுதினது சரியில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்றே."

"அப்படிச் சொல்லலை. படிச்சுப் படிச்சு எனக்கு ஓஞ்சு போச்சுடா."

"ஓஞ்சு போச்சுன்னா லீவு போடு. அதுக்கு மொழியை மாத்துவாங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். வேறு சமயமாக இருந்திருந்தால் அக்காவும் சிரித்திருப்பாள்.

அதன் பிறகு தம்பி அவளோடு பேசவில்லை. ஞாயிறு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வருவான், அப்பாவுக்குச் சவரம் செய்வான், எதுவானாலும் அப்பா மூலமாகச் சொல்வான். "அப்பா, அக்காகிட்ட உப்பு கம்மின்னு சொல்லுங்க." அப்பா எதையாவது சொல்வார். உப்பு வராது. ஒரு ஞாயிறு அப்பாவின் ஒரு கன்னத்தில் நுரை இருக்கும்போது அவன், "அப்பா, அக்காகிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன்" என்றான்.

"கம்மலா?" என்றார் அப்பா. "யாருக்குடா கம்மல்?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அவன் போனான். பால் பதப்படுத்தும் மெஷின்களுக்கு போர்டு செய்யும் இடம். அங்கே எல்லாம் சி. போகிற நாளில் எல்லோரிடமும் கை குலுக்கினான். அக்காவிடம் வந்தபோது இருவருக்கும் எப்படிக் கை கொடுப்பது என்று தெரியவில்லை. "சாவியை ரிசப்ஷன்ல கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புது மொழி அவளுக்குச் சுலபத்தில் வசப்படவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கை தானாகச் செய்ததையெல்லாம் கம்பைலர் தப்பு என்றது. ஒரு பொருளை அடுத்த பகுதிக்குக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கீழே அவளே மறுபடியும் தொடுவாள். கொடுத்தாகிவிட்டது, இனி உன்னுடையது இல்லை என்று சிவப்புக் கோடு போடும். "கொடுத்தா என்ன, எனக்கும் வேணுமே" என்று முணுமுணுப்பாள். கேள்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கே தெரியாத இடங்களும் நிறைய இருந்தன. அப்போது இரண்டு பேரும் சேர்ந்து திரையை முறைப்பார்கள்.

சொன்ன காலத்துக்குள் வேலை முடியவில்லை. அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. முதலாளி வாராவாரம் வந்து, "நம்ம பிளானும் துருப்பிடிச்சுடுச்சா அக்கா?" என்று கேட்பார். அவருடைய துரு ஜோக் தீரவே இல்லை. அதிகாரி ஒரு முறை வந்து கேள்வி கேட்டார், போனார், இன்னொரு முறை வந்து அதே கேள்விகளை வேறு வரிசையில் கேட்டார். முதல் போர்டைக் கொட்டகையில் மாட்டி ஓட்டியபோது லிஃப்ட் சரியான மாடியில் நின்று தவறான மாடி எண்ணைக் காட்டியது. தரைத்தளத்தைப் பூஜ்யமாக எண்ணுவதா ஒன்றாக எண்ணுவதா என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைப் பிடிக்க எந்தக் கம்பைலராலும் முடியாது. "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்று ஒருவர் கேட்டார். மறுபடியும் சி மொழிக்கே போய்விடலாமா என்று அவள் நினைத்த நாட்களும் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் சான்று கிடைத்தது. ஆறு மாடிக் குடியிருப்பிலும் புது போர்டைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே லிஃப்ட் நடுவில் நிற்கவில்லை. யாரும் போன் செய்து நன்றி சொல்லவுமில்லை. லிஃப்ட் ஒழுங்காக வந்தால் யார் போன் செய்வார்கள்?

ஒரு மாலை தம்பியிடமிருந்து போன் வந்தது. அப்பா நடுவில் இல்லாமல் அவன் பேசி வெகுநாளாகியிருந்தது.

"அக்கா, ஒரு ரெண்டு பக்கம் அனுப்பறேன். பாத்துச் சொல்றியா? எங்கயோ இடிக்குது, என் கண்ணுக்குத் தெரியலை."

அவளுக்குக் கை பரபரத்தது. அனுப்பு என்று சொல்ல வாய் எடுத்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க ஆபீஸ்ல யாரையாவது பாக்கச் சொல்லுடா."

"இங்க அப்படிப் பாக்கற ஆள் யாரும் இல்லைக்கா."

"அப்ப ஒருத்தரைப் போடச் சொல்லு. நான் பாக்கலை."

"சரி" என்றான். போனை வைத்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தம்பி கேட்டு அவள் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு வருவானோ மாட்டானோ என்று இருந்தது. வந்தான். அப்பாவுக்குத் துண்டு போர்த்தும்போதே நேராக அவளைப் பார்த்து, "பூட்டு போடாத இடத்தையெல்லாம் காட்டிக் கொடுக்கிற ஒரு செக்கர் புரோகிராமை வாங்கிப் போட்டிருக்கோம். உன்னைவிட மோசமாத் திட்டுது" என்றான்.

"நல்லாத் திட்டட்டும்."

"உனக்கு இப்போ எப்படி இருக்கு? சோர்வு போச்சா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "எங்க போச்சு? அப்படியேதான் இருக்கு. முன்ன கழுத்துல வலிக்கும், இப்போ இடுப்புல. அவ்வளவுதான்."

"புது மொழி பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குன்னு சொல்ல முடியாது. சில நாள் பிடிக்குது."

அவன் தலையாட்டிவிட்டு அப்பாவின் தாடையை நிமிர்த்தினான். அவனுக்கும் காதோரம் நரைத்திருந்ததை அக்கா அப்போதுதான் கவனித்தாள். சமையல் முடித்து எல்லோருக்கும் பரிமாறினாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் பாத்திரங்களைத் தம்பியும் கணவரும் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாம் என்று சோபாவில் சாய்ந்தவள், அவர்கள் உள்ளே எதற்கோ சிரிப்பதைக் கேட்டபடியே தூங்கிப்போனாள். அவன் கிளம்பியபோது யாரும் அவளை எழுப்பவில்லை.